ஆரஞ்சுப் பலகைத் தறி

அம்மாவின் பழைய சேலையிலிருந்து நூலை உருவும்போது 'கிர்ர்' என்று மெல்லிய ஓசை வரும். கூடவே எத்தனை முறை துவைத்தாலும் போகாத ரப்பர்ப் பாலின் புளித்த வாடையும் வரும். சிகாமட்டுக்கு அருகே நாங்கள் வாழ்ந்த ரப்பர்த் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில், என் அக்கா சரசு அப்படித்தான் நூல் சேர்த்தாள். சீனப் பெருநாளுக்கு வந்த ஆரஞ்சுப் பெட்டியின் பலகை ஒன்றில் இரு முனையிலும் வரிசையாக ஆணி அடித்து, ஆணிக்கு ஆணி நூலை மேலும் கீழும் வளைத்துப் பாவு கட்டி, குறுக்கு நூலை ஈர்க்கில் சுற்றி நுழைத்து, பல்லுடைந்த சீப்பால் தட்டித் தட்டி இறுக்குவாள். அதற்கு அவள் வைத்த பெயர் 'என் மில்லு'.

அவளுக்குப் பன்னிரண்டு வயது, எனக்குப் பத்து. பள்ளிக் கைவேலைக் கண்காட்சிக்கு அவள் நெய்துகொண்டிருந்த துணி நன்றாக அமைந்தால் சரசுவை டவுன் தையல் வகுப்பில் சேர்த்துவிடுவதாகத் தோட்டப் பள்ளி வாத்தியார் அப்பாவிடம் சொல்லியிருந்தார். "வரட்டும், பார்க்கலாம்" என்றார் அப்பா. அவர் வாயிலிருந்து அதற்குமேல் சம்மதம் வராது என்பது எங்களுக்குத் தெரியும்.

கண்காட்சிக்கு முதல் நாள் மத்தியானம் அக்கா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். துணி முடிய நான்கு விரல் அகலமே மிச்சம். நானோ எதுவும் செய்திருக்கவில்லை. பாடத்தில் முதல் மாணவனான நான் வெறுங்கையோடு போவதா என்று, அதை என்னுடையதாகக் கொண்டுபோக நினைத்தேன். நெய்கிறவர்கள் துணியை வெட்டி எடுப்பதில்லை, ஆணியிலிருந்து வளையம் வளையமாகக் கழற்றுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. அப்பாவின் சவர பிளேடால் பாவை அறுத்தேன். கையில் தூக்கியதும் ஓரத்திலிருந்து நூல்கள் ஒவ்வொன்றாக நழுவின. ஒரு மாத வேலை என் மடியில் குப்பையாய்க் கிடந்தது.

"யாருடா வெட்டினது?" என்றார், வேலை முடிந்து வந்த அப்பா.

"அக்காதாம்ப்பா. அவசரப்பட்டு வெட்டிருச்சு."

குடத்தோடு நின்ற அக்கா என்னைப் பார்த்தாள். அப்பாவின் பெல்ட்டையும் பார்த்தாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு, சிதறிய நூல்களைப் பொறுக்கத் தொடங்கினாள்.

"பொறுமை இல்லாத கழுதைக்குத் தையல் கிளாஸ் ஒரு கேடா?" என்றார் அப்பா. அடுத்த மாதமே அக்கா பள்ளியை விட்டு, பால் மரங்களில் கட்டியிருக்கும் 'மங்கு' என்ற பால் கிண்ணங்களைத் துடைக்க அம்மாவோடு போனாள். நான் படித்தேன், ஆசிரியரானேன், ஓய்வும் பெற்றுவிட்டேன்.

சென்ற மாதம் உலு திராமில், தன் மகள் வீட்டில் இருக்கும் அக்காவைப் பார்க்கப் போனபோது எல்லாவற்றையும் சொன்னேன். பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

"அலமாக்! எனக்கே தெரிஞ்சத, இத்தன வருசம் கழிச்சு எங்கிட்டயே வந்து சொல்றான் பாரு, பெரிய வாத்தியாரு!"

பிறகு கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஆஸ்பத்திரில அப்பா கடைசியா என் கையப் புடிச்சிக்கிட்டு, 'அன்னைக்கு நீ கொஞ்சம் பொறுத்திருந்தா இவ்வளவு கஷ்டம் வந்திருக்காதும்மா'ன்னு அழுதாரு. நீயும் பக்கத்துலதானடா நின்ன, தம்பி?"

நின்றேன். கட்டிலின் கால்மாட்டில், வெந்நீர்க் குடுவையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

லயம் இருந்த இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. பள்ளியும் இல்லை, வாத்தியாரும் இல்லை. அவையெல்லாம் போனதை நான் தாங்கிக்கொள்வேன். கேட்க வேண்டியவர் இல்லாததால், அவரிடம் சொல்ல வேண்டியதை முன்பின் தெரியாத உங்களிடம் சொல்கிறேன்: அதை வெட்டியவன் நான், அப்பா.