மரியபுஷ்பம் அக்கா மாற்றிச் சொன்ன இடம்

போன வாரம் ஒரு பொய்யை மொழிபெயர்த்தேன். சுத்தமான ஆங்கிலத்தில், கொஞ்சமும் தடுமாறாமல். அது பொய் என்று அப்போது எனக்குத் தெரியாது என்பது வேறு விஷயம்.

நடந்தது எங்கள் தீவின் ஹேடோவில். கப்பல் துறைக்குப் பக்கத்து ஹாலில் இரண்டு நாள் ஒத்திகை. சுனாமி வந்தால், புயல் வந்தால், சந்தேகப்படும்படி ஒரு படகு நுழைந்தால், சுற்றியிருக்கிற நாடுகள் எப்படிச் சேர்ந்து வேலை செய்வது? நாலைந்து நாட்டு அதிகாரிகள், சுவர் முழுக்கக் கடல் வரைபடம், ஆளுக்கொரு குட்டிக் கொடி, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில்.

'வாலண்டியர் தேவை' என்று எங்கே பார்த்தாலும் என் கை தானாக உயர்ந்துவிடும் — இதற்காக டெய்ரி ஃபார்ம் பகுதியில் இருக்கிற எங்கள் வீட்டில் எனக்கு வாராவாரம் திட்டு உண்டு. இந்த முறை ஒரு மஞ்சள் ஜாக்கெட்டும் கதவருகே ஒரு நாற்காலியும் கிடைத்தன. தமிழ், ஹிந்தி, ஆங்கிலம் மூன்றும் ஓடும் என்பதால் 'மக்கள் தொடர்பு'!

முதல் நாள் முழுக்க ஒரே வாக்கியம்தான் மேஜை மேஜையாகச் சுற்றியது. "தகவலை உடனுக்குடன் பகிர்ந்துகொள்வோம்." எல்லோரும் தலையாட்டினார்கள். சரி, ஒத்திகைக்கு வரும் உங்கள் கப்பல் இப்போது எங்கே இருக்கிறது என்று நம் மீட்பு அதிகாரி ஒரு விருந்தாளி அதிகாரியிடம் கேட்டார். (எந்த நாடு என்று கேட்காதீர்கள். நல்ல மனிதர். எனக்கு பிஸ்கட் கொடுத்தார்.) அவர் வரைபடத்தில் வடகிழக்கே, ரொம்பத் தள்ளி, விரலை வைத்தார்.

"ஏறக்குறைய இங்கே."

இரண்டாம் நாள் காலை, கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தார். கழுத்தில் ஜெபமாலை. பின்னாலேயே ஐந்தாறு மீனவர்கள்.

"ஏ மஞ்ச சட்ட! நீ தமிழ்தான? எங்க வீட்டுக்காரவுக இன்னும் கரைக்கு வரலட்டி..."

மரியபுஷ்பம் அக்கா. கணவர் சேவியர், இரண்டு ஆட்களோடு தன் போட்டில் கடலுக்குப் போனவர். முந்தின நாள் மாலையே திரும்பியிருக்க வேண்டும். விடியும்போது இன்னொரு போட்டின் வயர்லெஸ்ஸில் அவர் குரல் அரைகுறையாகக் கேட்டிருக்கிறது. "இன்ஜின் போச்சு..." அவ்வளவுதான். அப்புறம் வெறும் இரைச்சல்.

மீட்பு அதிகாரி கையை உயர்த்தினார். ஒத்திகை நின்றது. மாலைக்கு மேல் காற்று பலக்கும் என்ற எச்சரிக்கை காலையிலிருந்தே பலகையில் இருந்தது. அதுவரை அதை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இப்போது எல்லோரும் பார்த்தார்கள்.

போட்டில் டிராக்கிங் பெட்டி உண்டா? உண்டு. திரையில் தேடினார்கள். துறைமுகத்தின் வாயைத் தாண்டியதுமே புள்ளி காணாமல் போயிருந்தது.

"எந்தப் பக்கம் மீன் பிடிக்கப் போனார்?" அதிகாரி கேட்கச் சொன்னார். கேட்டேன்.

அக்கா யோசிக்கவே இல்லை. "ரட்லண்ட் தீவுக்கு மேக்க."

இதுதான் நான் மொழிபெயர்த்த பொய். ரட்லண்டின் மேற்கே மீட்புப் படகு பறந்தது. ஹெலிகாப்டரும் அங்கேதான்.

ஒரு மணி நேரம் போனது. இரண்டும் போனது. "எதுவும் தென்படவில்லை" — ரேடியோவில் ஒவ்வொரு முறையும் அதே இரண்டு சொற்கள். ஜன்னலுக்கு வெளியே தண்ணீரில் வெள்ளை வெள்ளையாக நுரை கிளம்ப ஆரம்பித்திருந்தது. அக்காவின் விரல்கள் ஜெபமாலை மணிகளின் மேல் ஓடின. உதடு அசையவில்லை.

அப்போதுதான் அந்தோணி வாயைத் திறந்தார். அவரும் போட் ஓனர், சேவியருக்குத் தம்பி முறை. காலையில் வயர்லெஸ்ஸில் அந்தக் குரலைக் கேட்டவர் அவர்தான்.

"மைனி, நேத்து பூரா நான் ரட்லண்டுலதான் கெடந்தேன். அண்ணன் போட்டு அங்க இல்ல."

"ஒமக்குக் கண்ணு தெரிஞ்சிருக்காது."

"அரே மைனி! ஆளு கடல்ல தவிக்கான். இப்பவும் ரட்லண்டா?"

"நீரு இங்கன நிக்கிற வரைக்கும் ரட்லண்டுதான்!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மெயின்லாந்து வாசகர்களுக்கு ஒரு விளக்கம். கடலுக்கடியில் பாறைத் திட்டுகள் உண்டு. மீனவர்கள் 'பார்' என்பார்கள். பெரிய மீன் தங்குகிற இடம். நல்ல பார் ஒன்று தட்டுப்பட்டால் அதைக் கண்டவர் யாரிடமும் சொல்லமாட்டார். படகு ஜெட்டியில் யாராவது கேட்டால் சொல்வதற்கு வீட்டுக்கு வீடு ஒரு பதில் தயாராக இருக்கும். மனைவியைக் கேட்டாலும் அதே பதில், பிள்ளையைக் கேட்டாலும் அதே பதில். சேவியர் வீட்டுப் பதில் — ரட்லண்ட்.

டிராக்கிங் பெட்டியை ஏன் அணைத்தார் என்று இப்போது புரிகிறதா? புள்ளி தெரிந்தால் போதுமே, மறுநாள் ஊரே அங்கே வலையோடு நிற்கும்!

அக்காவின் அருகே போய் உட்கார்ந்தேன். "அக்கா, இன்னும் கொஞ்ச நேரத்துல காத்து பலத்துடும். அவங்க எங்க இருக்காங்கன்னு எங்க யாருக்கும் தெரியாது. உங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

"கேட்ட ஒடனே வாய் அதுபாட்டுக்குச் சொல்லிட்டுட்டி. அப்புறம் மாத்திச் சொல்ல..." அவர் அந்தோணியைப் பார்த்தார். "அந்தப் பாரை வச்சுத்தான் எங்க பொழப்பு."

"வேணும்னா இவங்களை வெளிய அனுப்பச் சொல்லட்டுமா? என் காதுல சொல்லுங்க."

அவர் ஜன்னலைப் பார்த்தார். நுரையைப் பார்த்தார்.

"வேண்டாம். அவனும் நிக்கட்டும். போட்டு எந்தப் பக்கம் இழுபட்டிருக்கும்னு அவனத்தான கேக்கணும்." சட்டென்று எழுந்துகொண்டார். குரல் உடைந்தது, ஆனால் ஹால் முழுக்கக் கேட்டது. "சிங்க் தீவைத் தாண்டி தென்கெழக்க. நிலம் கண்ணவிட்டு மறையிற வரைக்கும் ஓடணும். அங்க ஒரு பார் இருக்கு. இப்ப கேட்டுக்கிட்டீரா கொழுந்தனாரே?"

அந்தோணி நேரே வரைபடத்திடம் போனார். "இந்தக் காத்துக்கு பாரை விட்டு வடகெழக்காத்தான் போயிருக்கும், சாப்."

அதிகாரி அக்கா சொன்ன இடத்தில் விரல் வைத்தார். அங்கே வரைபடத்தில் ஒரு சின்னத் திட்டு, வேறு நிறத்தில், ஆழக் கணக்கோடு, அச்சடித்தே இருந்தது! உலகத்தில் எந்தக் கப்பலும் காசு கொடுத்து வாங்கக்கூடிய வரைபடம். அதை அக்காவுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நம் படகு ரட்லண்டைச் சுற்றிக்கொண்டு அங்கே போய்ச் சேர்வதற்குள் காற்று முந்திக்கொள்ளும். ஹெலிகாப்டர் எரிபொருளுக்குத் திரும்பியாக வேண்டும்.

பிஸ்கட் கொடுத்த அதிகாரி தொண்டையைச் செருமினார்.

"எங்கள் கப்பல் அங்கிருந்து தூரமில்லை."

அவர் விரல் இப்போது வடகிழக்கில் இல்லை. தென்கிழக்கில் இருந்தது.

நம் அதிகாரி அவரைப் பார்த்தார். "நேற்று வேறு இடம் காட்டினீர்களே?"

"ஏறக்குறைய என்று சொன்னேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க நேரமும் இல்லை. அவர் போனை எடுத்துவிட்டார். நம் அதிகாரி சேவியரின் போட் நிறம், நீளம், ஆட்கள் எல்லாவற்றையும் சொல்லச் சொல்ல அவர் தன் மொழியில் ஒப்பித்தார்.

காத்திருந்தபோது யோசித்தேன். மீன்பிடி இடத்தை மறைக்கிற மீனவரைப் படிப்பறிவில்லாதவர் என்று சொல்லிவிடலாம். கப்பலை மறைக்கிற தேசத்தை? அதற்கு 'பாதுகாப்பு நலன்' என்று பெயர் வைத்திருக்கிறோம். அக்கா மறைத்ததும் ஆபத்துக்கு ஓடிவரப் போகிற பக்கத்துப் படகுக்காரரிடமிருந்துதான். அந்த அதிகாரி மறைத்ததும் ஆபத்தில் கூட நிற்கப்போகிற பக்கத்து நாட்டுக்காரரிடமிருந்துதான். உதவிக்கு வரக்கூடியவன் மேல்தான் நமக்கு எவ்வளவு சந்தேகம்!

ரேடியோ கரகரத்தது. விருந்தாளி அதிகாரி எழுந்து நின்று கேட்டார். என்னைப் பார்த்து மூன்று விரல்களைக் காட்டினார்.

"மூணு பேரும் இருக்காங்க அக்கா."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கப்பல் பாதி வழி இழுத்து வர, நம் படகு வாங்கிக்கொண்டது. பொழுது சாயும்போது சேவியர் ஜெட்டியில் ஏறினார். உப்பு படிந்த முகம், வெடித்த உதடு. அக்கா ஓடிப்போய் அவர் நெஞ்சில் இரண்டு அடி வைத்துவிட்டுக் கட்டிக்கொண்டார். அவரோ, அக்காவின் தோளுக்கு மேலாக அந்தோணியை எட்டிப் பார்த்தார்.

"அந்தோணிட்ட சொல்லிட்டியா?"

"சொன்னேன். ஒமக்கு உசுரு வேணுமா, பாரு வேணுமா?"

அவர் கண் இன்னும் அந்தோணி மேலேதான் இருந்தது.

அந்தோணி ஒரு டீயை நீட்டினார். "குடியும் அண்ணே. இந்த சீசன் முடியிற வரைக்கும் நான் அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கமாட்டேன். அடுத்த சீசனுக்கு உத்தரவாதம் கெடையாது."

சேவியர் டீயை வாங்கிக்கொண்டார்.

அந்த இரண்டு நாளில் நான் கேட்ட ஒப்பந்தங்களிலேயே நேர்மையானது இதுதான்.