வாங்க ஆளில்லாத ஆட்டுக்கறி

மெகல்லி பேரீச்சை மரத்திலிருந்து விழுந்தவன். காய் பிடிக்கக் குலைக்கு மகரந்தம் தூவ ஏறினான், கயிறு அறுந்தது, இடுப்பு போனது. அதற்கு முன்னால் அவனைப் பற்றிச் சொல்ல ஒன்றும் கிடையாது. அதற்குப் பிறகு ஊரே அவனைப் பற்றித்தான் பேசியது. ஏனென்றால் எங்கள் ஊரில் ஏழை என்று சொல்ல வேறு வீடே இல்லை.

ஏழை என்று நாங்கள் சொல்வதில்லை. ஆண்டவரின் சகோதரர் என்போம். மின்யா மாகாணத்தில் மற்ற ஊர்களில் அப்படிப்பட்ட வீடு ஒன்றிரண்டாவது இருக்கும். எங்கள் ஊர் முழுக்கக் கிறிஸ்தவர்கள். வீட்டுக்கு ஒருவன் குவைத்திலோ கெய்ரோவிலோ உழைத்து அனுப்புகிறான். எல்லாருக்கும் கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் கோதுமை. ஆகவே ஊரின் மொத்த தர்மமும் மெகல்லி ஒருவன் தலையில் இறங்கியது.

அதையும் யாரும் நேராகக் கொடுக்கமாட்டோம். கொடுப்பது வெளியே தெரிந்தால் புண்ணியம் போய்விடும் என்று பயம். சல்லடை இரவல் கேட்கப் போகிற மாதிரிப் போவோம், அங்கிக்குள் ஒரு போர்வையைச் சுருட்டி வைத்துக்கொண்டு. மெகல்லி வாசலில் இன்னொருவன் அதே மாதிரி வயிறு பெருத்து நிற்பான்.

"என்னய்யா, ஒரே நாள்ல இப்படிப் பெருத்துட்ட?"

"வாயுத் தொல்லை. உனக்கு?"

"எனக்கும் அதேதான்."

இப்படியே சேர்ந்து சேர்ந்து, அவன் வீட்டுக் கதவு பாதிக்கு மேல் திறக்காது. பின்னால் அத்தனை போர்வை. பாவம், ஆகஸ்ட் மாத வெயிலிலும் அவனும் பெண்சாதி தஃபீதாவும் கம்பளிக்கு நடுவில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள்.

வாங்குகிறவன் கொடுத்தவனுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். "ஆண்டவர் உனக்கு ஈடு செய்யட்டும்." அதுதான் எங்கள் வழக்கம். மகள் தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்து அவள் கல்யாணம் வரை மெகல்லி இதையே சொல்லிக்கொண்டிருந்தான். ஒருநாள் என் டிராக்டரில் சந்தையிலிருந்து வரும்போது சொன்னான்:

"அண்ணே, இந்த வார்த்தைய ஒரே ஒரு தடவ எனக்கு யாராவது சொல்லணும். செத்தப்புறம் கல்லறையில இல்ல. காது கேக்கும்போதே."

"உனக்கு எதுக்குய்யா அது?"

"எப்படி இருக்கும்னு தெரியணும்ல?"

மருமகன் நல்லவன். எண்ணெய்ச் சட்டி ஒன்று வாங்கித் தந்து, ஃபூல் பயறு வடைக் கடை போட்டுக் கொடுத்தான். எங்கள் ஜனம் வருஷத்தில் பாதிக்கு மேல் நோன்பு. கறி கிடையாது, பால் கிடையாது, முட்டை கிடையாது. வடை தவிர வேறு கதி? மெகல்லி உட்கார்ந்த இடத்திலேயே நிமிர்ந்துவிட்டான். நொண்டிக்கொண்டே நேரே பாதிரியார் அபூனா பிசெந்தியிடம் போனான்.

"அபூனா, என்னை எடுத்துருங்க."

"எதுலேருந்துப்பா?"

"ஏழையிலேருந்து."

அபூனா தாடியைத் தடவினார். "மாதா நோன்பு முடியட்டுமே, மகனே. இப்பப் போய் விலகினா ஊர் என்ன பண்ணும்?"

"மாதாவுக்கு ஓர் ஆடு நேர்ந்திருக்கேன் அபூனா. நோன்பு முடியுற அன்னைக்கு என் கையால குடுக்கணும்."

அபூனா பயந்ததில் நியாயம் உண்டு. நோன்பு முடிந்த காலையில், பூசை விட்டு வந்ததும் முதல் தட்டுக் கறி ஆண்டவரின் சகோதரருக்குப் போக வேண்டும். அது போகாமல் வீட்டில் ஒருவனும் கறியில் கை வைக்கக் கூடாது. எங்கள் ஊரில் அந்த முதல் தட்டு என்றால் மெகல்லி வீடு.

மாதா திருநாளன்று காலை, கோயில் வாசலில் மெகல்லி கைவண்டியோடு நின்றான். வண்டியில் பெரிய பானை. ஆடு முழுக்க வெந்து கிடந்தது.

"இன்னைக்கு யார் தட்டையும் நான் வாங்கமாட்டேன்! என்கிட்ட வந்து வாங்கிக்குங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு வீட்டுக்குப் போய்ச் சட்டியைத் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் உறைத்தது. சிரிப்பு நின்றது.

மெகல்லி வீடு வீடாக வண்டியைத் தள்ளினான். ஒருவரும் வாங்கவில்லை. அவனிடம் தட்டு வாங்கினால் அன்றிலிருந்து நாம்தானே ஆண்டவரின் சகோதரர்? மாவு மில் ஹபஷி கதவைப் பாதி சாத்திக்கொண்டே கத்தினான்:

"உன்கிட்டக் கைநீட்டினா என் பொண்ண எவன்டா கட்டுவான்?"

"என் பொண்ண ஒருத்தன் கட்டலியாண்ணே?"

"அது வேற, இது வேற!"

பெரியவர்கள் கோயில் முற்றத்தில் கூடினார்கள். சீட்டுக் குலுக்கி ஒருவனை ஏழையாக்கலாம் என்றான் ஒருவன். சீட்டில் பேர் எழுத யாரும் சம்மதிக்கவில்லை. அபூனாவையே வாங்கச் சொன்னார்கள். "நானும் முதல் தட்டு குடுக்கணுமே. என் தட்டை நான் யாருக்குக் குடுக்க?" என்று அவர் கையை விரித்தார். கடைசியில் பக்கத்து ஊரில் ஓர் ஏழையை இரவல் கேட்டுவர என்னை டிராக்டரோடு அனுப்பினார்கள்.

அந்த ஊர்த்தலைவர் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார். எனக்கு வாய் ஊறியது.

"எங்ககிட்டயே ரெண்டு வீடுதான்யா இருக்கு. திருநாள் அன்னைக்கு வந்து கேட்டா எப்படி?"

"ஒரு மணி நேரத்துல பத்திரமா கொண்டுவந்து விட்டுர்றேன்."

"வேண்டாம். உங்க ஊர்ல ஒருத்தன நல்லா வச்சிருந்தீங்க. நீங்களே கெடுத்துட்டீங்க. எங்க ஆளையும் கெடுக்கவா?"

வெறுங்கையோடு திரும்பினேன். வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. எல்லா வீட்டிலும் கறி, எல்லா வாசலிலும் பசியோடு ஜனம். கிழவர்கள் முனகினார்கள். ஹபஷியின் சின்னப் பேரன் அடுப்பைக் காட்டி உருண்டு உருண்டு அழுதான். அந்த வெக்கைக்கு இன்னும் கொஞ்ச நேரத்தில் கறி ஊசிப்போகும் என்று பெண்கள் திட்ட ஆரம்பித்தார்கள். ஒரு வேப்பமர நிழலில் மெகல்லி பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் முகமும் விழுந்துதான் கிடந்தது. நேர்ந்த ஆடு, கொள்ள ஆளில்லை. தஃபீதா ஈ விரட்டிக்கொண்டிருந்தாள்.

"வீட்டுக்குப் போயிருவோமா?" என்றாள்.

"கொண்டுபோய் என்ன பண்ண? போர்வை மேல வைக்கவா?"

அப்போதுதான் அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வாசல்களில் நின்ற ஜனத்தைப் பார்த்துச் சத்தம் போட்டான்.

"சரி. உங்க எல்லார் தட்டையும் வாங்கிக்கிறேன்." ஊர் மூச்சு விட்டது. "ஆனா முதல்ல என் தட்டை நீங்க வாங்கணும். வாங்கிட்டுச் சொல்ல வேண்டியதச் சொல்லணும்."

பேரன் இன்னும் உரக்க அழுதான். ஹபஷி பல்லைக் கடித்துக்கொண்டு வந்து தட்டை நீட்டினான். மெகல்லி நல்ல தொடைக்கறியாகப் பார்த்து வைத்தான். ஹபஷி தரையைப் பார்த்து எதையோ முணுமுணுத்தான்.

"காதுல விழலண்ணே."

"ஆண்டவர் ஈடு செய்யட்டும்."

"யாருக்கு?"

"உனக்குத்தான்டா மெகல்லி! ஆண்டவர் உனக்கு ஈடு செய்யட்டும்! போதுமா?"

மெகல்லி அப்படியே நின்றான். கரண்டியிலிருந்து சாறு அவன் காலில் சொட்டியது, அவனுக்குத் தெரியவில்லை. காது வரை சிவந்துவிட்டான். ஹபஷிக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன்.

"எப்படிய்யா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"ரொம்பக் கூச்சமா இருக்குண்ணே. இத்தன வருஷம் இத எப்படித் தாங்குனீங்க?"

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, என் தட்டை வாங்கிக் கறியை அள்ளி வைத்தான்.

"நீங்களும் சொல்லணும்ணே. சத்தமா."