வாயைப் பொத்தச் சொன்னவள்

ஒரு குழந்தையின் வாய் நாற்றத்தைப் பொறுக்காமல் அவளை வகுப்பின் கடைசி வாங்கில் கொண்டுபோய் இருத்தினேன். அவளுடைய வாயையும் மூட வைத்தேன். நான் செய்தது இதுதான்.

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய பள்ளிக்கூடம் ஒன்றில் நான் ஆசிரியை. மீன் சந்தைக்குப் பின்னால் பிறந்து வளர்ந்தவள். கருவாட்டு மணத்தோடு சோறு தின்ற எனக்கு ஏழு வயதுப் பிள்ளையின் மூச்சு அருவருத்தது! நம்புவீர்களா?

கபிஷா இரண்டாம் வகுப்பின் வாயாடி. கொப்பியைத் தூக்கிக்கொண்டு என் கதிரையோடு ஒட்டி நின்று கதைப்பாள். கடைவாய்ப் பற்கள் கறுத்துக் குழி விழுந்திருந்தன. ஒருநாள் சொன்னேன்: "தள்ளி நில் பிள்ளை. கையால வாயைப் பொத்திக்கொண்டு கதை."

அன்றிலிருந்து அப்படியே செய்தாள். பிறகு கதைப்பதையே விட்டுவிட்டாள். சாப்பாட்டுப் பெட்டி பாதியோடு வீடு திரும்பியது. கன்னத்தை மேசையில் அழுத்திப் படுத்திருப்பாள். சோம்பல் என்று நினைத்தேன்... இல்லை, அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

பிள்ளைகளின் பல் பார்க்க வந்த தாதி அவளைக் காட்டி, "தாயிட்டச் சொல்லுங்கோ ரீச்சர், உடன கிளினிக்குக்குக் கொண்டுவரட்டும்" என்றார். மறுநாளே, பிள்ளையைக் கூட்டிப்போக வந்த தாய் வகுப்பு வாசலில் நின்றார்.

"என்ர பிள்ளை எப்பிடி ரீச்சர்? கதைச்சுக் கதைச்சுக் கரைச்சல் தாறாளோ?"

சொல்லியிருக்கலாம். பல்லைச் சொன்னால் நாற்றத்தையும், கடைசி வாங்கையும் சொல்ல வேண்டி வருமே! "இல்லையம்மா, இப்ப நல்ல அமைதி" என்றேன். தாயின் முகத்தில் பெருமை பொங்கியது. பால்பல்தானே, விழுந்துவிடும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அந்த மாதமே கபிஷா தாடை வீங்கிக் காய்ச்சலில் விழுந்தாள். சீழ் கழுத்துவரை இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் கீறி எடுத்தார்கள். பிழைத்தாள்.

"நோகுது எண்டு ஒருநாளும் சொல்லேல்லையே ரீச்சர்..." கட்டிலருகே தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை!

எனக்கு அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. பல் பிடுங்குமுன் போடும் விறைப்பூசி உள்ளே இறங்கியதுபோல் ஒன்றும் உறைப்பதில்லை. வெட்கமாவது வரவேண்டாமா?

கபிஷா இப்போது நான்காம் வகுப்பு. கெட்ட பற்களை எடுத்துவிட்டார்கள், புதியவை முளைக்கின்றன. வாயில் ஒரு நாற்றமும் இல்லை. நேற்று விறாந்தையில் என்னைக் கண்டதும் நின்றாள். பின்னால் தள்ளிப்போய், கையால் வாயைப் பொத்திக்கொண்டு, "வணக்கம் ரீச்சர்" என்றாள்.

"கையை எடு பிள்ளை" என்றேன்.

அவள் எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றாள்.