மதிய மணி அடித்ததும் நாங்கள் கேட்ட கேள்வி

சிலுவை அண்ணாச்சி காலமாகிவிட்டார் என்று பியூன் வந்து சொன்னபோது எங்கள் ஆபீசில் யாருக்கும் எழுந்திருக்கத் தோன்றவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நல்லபடியாகத் திரும்புவார் என்றுதான் நம்பியிருந்தோம். புதுத் துறைமுகத்தில் மறுநாள் புறப்பட இருந்த கப்பலின் காகிதங்கள் மேஜையெல்லாம் கிடந்தன. அதையே பார்த்தபடி இருந்தோம். சற்று நேரத்தில் மாதா கோயிலில் மதிய மணி அடித்தது. அப்போதுதான் ஒவ்வொருவராக எழுந்து நின்றோம். காயல்பட்டினத்து சுலைமான், சாத்தான்குளத்து புராட்டஸ்டன்ட் வேதக்காரனான நான், நெற்றி நிறையத் திருநீறு பூசிவரும் கேஷியர், எல்லோரும்தான். மணிக்கு எழுந்து நிற்பது எங்களில் ஒருவருக்கும் வழக்கமில்லை. அது அண்ணாச்சியின் வழக்கம்.

அவரை அறிந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. பீச் ரோட்டில் எங்கள் கப்பல் ஏஜென்சியில் அவர் ஹெட் கிளார்க். மதிய மணி அடித்தால் டைப் அடித்துக்கொண்டிருக்கும் சொல்லைப் பாதியில் விட்டுவிட்டு எழுவார். மூன்று வேளையும் கோயில் மணிக்குச் சொல்லும் திரிகால ஜெபத்தைச் சொல்வார். கத்தோலிக்கர் பலரும் செய்வதுதான். ஆனால் ஜெபம் முடிந்தும் இவர் உட்கார மாட்டார். கடலைப் பார்த்த ஜன்னல் பக்கம் திரும்பி இன்னும் கொஞ்ச நேரம் நிற்பார். கஸ்டம்ஸிலிருந்து மேனேஜர் போனில் கத்திக்கொண்டிருந்தாலும் நிற்பார். எனக்கோ எதிலும் அவசரம். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "ஜெபந்தான் முடிஞ்சிட்டுல்லா, இன்னும் என்ன அண்ணாச்சி?" என்றேன்.

"காலையில இருந்து ஆண்டவரை எங்கன பாத்தேன்னு யோசிக்கேன்வே. பாத்திருப்பேன். வந்த வேகத்துல விட்டிருப்பேன்" என்றார்.

சுலைமான் இதைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் முதல் மணி ஓய்ந்ததும், "இன்னைக்கு எங்கன பாத்தீங்க அண்ணாச்சி?" என்று கேட்கத் தொடங்கினார். கிண்டல்தான். கிண்டலென்று தெரிந்தே அண்ணாச்சி பதில் சொல்வார். "உப்பு சுமக்கவ ஒருத்தி, தலையில இருந்த சும்மாட்டை எடுத்துப் பக்கத்துல நிண்ணவ மொகத்தைத் தொடச்சுவிட்டா. அங்கன பாத்தேன்." இன்னொரு நாள், "மீன் ஏலத்துல ஒருத்தனுக்குத் தொண்டை கட்டிப்போச்சு. அவனுக்குப் போட்டியா ஏலம் போடுதவனே அவனுக்காகவும் கூவிக் குடுத்தான்." அற்புதம் என்று எதையும் அவர் சொன்னதில்லை. போகப் போகக் கிண்டல் போய்க் கேள்வி மட்டும் நின்றது. மணி அடித்தால் ஆபீசே அவர் வாயைப் பார்க்கும். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் மாதிரி ஓடும் நானும், இன்றைக்கு எதைச் சொல்வாரோ என்று சைக்கிளில் வரும்போது இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு வரலானேன்.

அவருடைய அப்பா முத்துக் குளித்தவர். "அடியில போயி அவசரப்பட்டுக் காலை ஒதைச்சா மண்ணு கலங்கிரும், சிப்பி கண்ணு முன்னால இருந்தாலும் தெரியாதுன்னு அப்பா சொல்லுவாரு" என்று ஒருமுறை சொன்னார். அதைச் சொன்னபோது என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அவருடைய ஒரே மகன் கொழும்புக்குப் போகும் தோணியில் வேலை பார்த்தான். ஒரு புயலில் அந்தத் தோணி கரை சேரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. சில வாரங்கள் கழித்து அண்ணாச்சி வேலைக்கு வந்தார். மதிய மணி அடித்தது. அவர் எழுந்திருக்கவில்லை. மணி ஓயும்வரை டைப் அடித்துக்கொண்டே இருந்தார். அந்தச் சத்தத்தைக் கேட்க முடியாமல் சுலைமான் வெளியே போய்விட்டார். மகனைப் பறிகொடுத்தவர் ஆண்டவரையும் பறிகொடுத்துவிடுவாரோ என்று எங்களுக்குப் பயமாக இருந்தது. தினமும் மணி அடித்தது, தினமும் டைப்ரைட்டர் ஓடியது.

சுலைமான்தான் ஒருநாள் துணிந்தார். மணி ஓய்ந்ததும் அவர் மேஜையருகே போய், தாழ்ந்த குரலில் அந்தப் பழைய கேள்வியைக் கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் சுலைமானின் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். டைப்ரைட்டர் நின்றது.

"பாக்கல தம்பி. நாளைக்குக் கேளு" என்றார் அண்ணாச்சி.

மறுநாளும் சுலைமான் கேட்டார், அதே பதில்தான். இப்படியே பல நாள் போனது. எங்கள் மனம் ஆற எதையாவது சொல்லிவைக்க அவருக்கு வரவில்லை. கேட்காதே என்றும் ஒருநாளும் சொல்லவில்லை.

மழைக்காலம் கழிந்த பிறகு ஒரு மதியம், மணி அடிக்கத் தொடங்கியதும் அவர் நாற்காலியைப் பின்னே தள்ளிவிட்டு எழுந்து நின்றார். ஜெபம் சொன்னாரோ என்னவோ, உதடு அசையவில்லை. யாரும் கேட்பதற்கு முன் அவரே பேசினார்.

"நேத்து எங்க வீட்டுல அவ மறதியா அவனுக்கும் சேத்துச் சோறு பொங்கிட்டா. வடிச்ச பெறவுதான் தெரிஞ்சுது. பானையைப் பாத்துக்கிட்டு ரெண்டு பேரும் அப்படியே இருந்தோம். அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பாத்தா. போனவ தட்டோட வந்தா. 'எங்க வீட்டுல சோறு கொழைஞ்சுபோச்சு, எனக்குக் கொஞ்சம் போடுங்க'ன்னா. அவ வீட்டுச் சோறு கொழையலவே. எனக்குத் தெரியும். எங்க பக்கத்துல உக்காந்து தின்னுட்டுத்தான் போனா. அங்கன பாத்தேன்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அழுதேன். மகன் போன துக்கம் கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து மணிக்கு எழுந்து நின்றார். சில நாள் பார்த்தேன் என்பார், சில நாள் பார்க்கவில்லை என்பார்.

அடக்கம் முடிந்த மறுவாரம் நானும் சுலைமானும் அவர் வீட்டுக்குப் போனோம். அண்ணாச்சியின் மனைவி, எங்களுக்கு மயினி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"ஆபீசில நீங்க அவுகளைக் கேப்பியளாம்லா. வீட்டுக்கு வந்து அவுக என்னையக் கேப்பாக. அடுப்படியில கெடக்கவளுக்கு என்ன தெரியும்னாலும் விடமாட்டாக. இனி என்னைய யாரு கேக்கப் போறா?"

சுலைமான் என்னைப் பார்த்தார். இந்த முறை நான்தான் கேட்டேன். "இன்னைக்கு எங்கன பாத்தீங்க மயினி?"

மயினி அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"பாக்கல தம்பி. நாளைக்குக் கேளுங்க."

அண்ணாச்சியிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்தக் கேள்விதான். ஆபீஸ் விட்டதும் இப்போது அவர் தெரு வழியாகத்தான் போகிறேன். சைக்கிளை விட்டு இறங்கி வாசலில் நின்று கேட்கிறேன். மயினி இன்னும் பார்க்கவில்லை. நாளைக்கும் கேட்பேன்.