விசில் ஊதாத ரெஃப்ரீ

போன வாரம் ஸ்கூல் ஃபுட்பால் மேட்ச்சில் என் மகளுக்குக் கால் உடைந்தபோது விசில் ஊதாத ரெஃப்ரீயை, இன்று ஆண்டர்சன்பேட்டை மருந்துக் கடையில் பார்த்தேன்.

எதிர் டீமின் பி.டி. மாஸ்டரும் அவரேதான். நம்ம ஊர் வழக்கம் தெரிந்ததுதானே.

"பாப்பாவுக்கு எப்படிமா கீது? கேஸ் கீஸ் போடப் போறீங்களா?"

"வக்கீலைக் கேட்டேன் சார். விசில் ஊதலைன்னா ஃபவுல்னு நிரூபிக்கிறது கஷ்டமாம்."

"நான் இன்னாம்மா பண்றது? அந்தப் பக்கம் நான் பாக்கவே இல்ல."

மாத்திரையை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். வாசல்வரை பின்னாலேயே வந்தார்.

"எங்க டீம் பொண்ணு வேணும்னு உதைக்கலம்மா. பந்துக்குத்தான் இடது காலை நீட்டுச்சி."

உதைத்தது இடது கால் என்பது எனக்கே இன்றுதான் தெரியும். அதுவும் பார்க்காதவர் சொல்லி.

நிஜமாகவே பார்த்தவர்கள் யாராவது இருந்தால் கமெண்டுக்கு வாருங்கள்.