எதிர்வரிசையைப் பார்க்கிறவர்

கண்ணாடியைச் சட்டத்தில் உட்காரவைத்து, ஓரமெல்லாம் கட்டைவிரலால் மக்கு அடைத்து முடித்ததும், யேசுதாஸ் சாரத்திலிருந்து இறங்கிச் சாலையைக் கடந்துவிடுவார். அங்கே நின்று அவர் பார்ப்பது தாம் மாட்டிய கண்ணாடியை அல்ல; எதிர்வரிசை வீடுகளை. ஏன் என்று கேட்டால், "வெயிலு திரும்பி எங்க வுயுதுன்னு பாக்கறேன்" என்பார்.

ஒல்லியான ஆள். நாளெல்லாம் கண்ணாடியோடு இருந்தாலும் சவரம் மட்டும் கைத்தடவலில்தான். தாடையோரம் எப்போதும் நாலு முடி தப்பியிருக்கும். விரல்களில் புதிதும் பழையதுமாக வெட்டுக்கள். சாம்பார் பட்டால் எரியும் என்று இட்லிக்குச் சர்க்கரை தொட்டுக்கொள்வார்.

போன வருடம் புதுவாயல் கூட்டுச்சாலையில் நாலு மாடிக் கட்டடம் ஒன்று எழும்பியது. கீழே கடைகள்; மேலே கும்மிடிப்பூண்டி ஆலை அதிகாரிகளுக்கு வீடுகள். ஓட்டு வீடுகளுக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே, சாலை பார்த்த முகப்பு முழுதும் கண்ணாடி. அந்த வேலை யேசுதாசுக்கு.

நேரெதிரே கன்னியம்மாவின் இட்லிக் கடை. வீடும் அதுதான். பஸ் பிடிக்குமுன் நானும் அங்கேதான் சாப்பிடுவேன். கண்புரைக்கு ஆபரேஷன் செய்துகொண்டு அவள் அப்போதுதான் திரும்பியிருந்தாள். கண்மேல் பச்சைத் துணி. வெளிச்சம் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கறுப்புக் கண்ணாடி அடுத்த முறை போனால்தான் கிடைக்கும். மேற்குப் பார்த்த அந்த வீட்டுக்குள் காலை வெயில் நுழைந்ததே கிடையாது. முகப்புக் கண்ணாடி ஏறிய மறுநாள் நுழைந்தது. கன்னியம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். கதவைச் சாத்தினால் அடுப்புப் புகை கண்ணை அறுத்தது. சாக்கு கட்டிப் பார்த்தோம்; லாரிக் காற்று தூக்கி எறிந்தது.

அன்றே யேசுதாஸ் சுண்ணாம்பைக் குழைத்து, அவள் வாசலுக்கு நேரான கண்ணாடிகளில் பூசிவிட்டார். கட்டட மேற்பார்வையாளர் ராமபத்ரன் துடைக்கச் சொல்லும்போதெல்லாம் ஒரே பதில்: "மக்கு காயல சார். இப்ப தொட்டா ஆட்டம் குட்த்துடும்."

ஒருநாள் ராமபத்ரன் மக்கை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். கல்லாக இருந்தது. திறப்பு விழாவுக்குள் துடைக்காவிட்டால் இனி தம்மிடம் வேலையே கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். யேசுதாஸ் விழாவுக்கு முந்தின மாலை சாரம் ஏறி, எல்லாவற்றையும் பளபளவென்று துடைத்துக் கொடுத்தார்.

மறுநாள் பந்தல், நாயனம், ஒலிபெருக்கி. கட்டடத்தில் உழைத்தவர்களை மேடைக்கு அழைத்து வேட்டி கொடுத்தார்கள். யேசுதாஸ் விடிந்ததும் கடைக்கு வந்து, சாலைக்கு முதுகைக் காட்டி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். சாப்பிட வந்தவர்கள் அவரைத் தாண்டித்தான் போகவேண்டியிருந்தது. கன்னியம்மாவின் முகத்தில் அவருடைய நிழல் இருந்தது.

ஒலிபெருக்கி அவர் பெயரைச் சொன்னது. மறுபடியும் சொன்னது.

"உன்னத்தான் கூப்புட்றாங்கோ. போயேன், நைனா."

"நாஷ்டா துன்னுக்கினு கீறேன்க்கா."

அவர் தட்டு எப்போதோ காலியாகிவிட்டது என்பதை நான் கன்னியம்மாவிடம் சொல்லவில்லை. பிற்பாடு அவளுக்குக் கறுப்புக் கண்ணாடி வந்தது, பார்வையும் தேறியது. அந்தக் காலையில் மேடை அடுத்த பெயருக்குப் போயிற்று. வெயில் ஏறஏற வெளிச்சம் படியில் நகர்ந்தது. யேசுதாஸ் எழுந்திருக்காமலே, இரண்டு கைகளையும் ஊன்றி, அது போகிற பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.