பின்சந்தில் அறுந்த கயிறு

ஹிண்டா வீட்டை விட்டு வெளியே கால் வைத்து மூன்று வாரம் ஆகிவிட்டது. மொன்றியலின் பனிக்காலம், இரண்டறை வீடு, பத்து மாத இரட்டைக் குழந்தைகள். கணவன் கெதாலியா பள்ளியில் பாடம் நடத்திவிட்டு விளக்கு வைத்தபின்தான் வருவான். ஓய்வுநாளான சனிக்கிழமை மதியம் ஒன்றுதான் அவளுக்கு மிச்சம். அன்று பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு இரண்டு தெரு தள்ளி இருக்கும் தோழி பேஷா வீட்டுக்குப் போவாள். தேநீர், கசகசா கேக், ஊர்வம்பு. அதற்காகவே வாரம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பாள்.

யூத முறைப்படி, வெள்ளி மாலை விளக்கேற்றியதிலிருந்து சனி இரவு வரை நீளும் ஓய்வுநாளில் தெருவில் எதையும் கொண்டுபோகக் கூடாது. கைக்குழந்தையும் அதில் சேர்த்தி. ஆனால் பேட்டையைச் சுற்றிக் கம்பத்துக்குக் கம்பம் ஒரு கயிறு ஓடுகிறது. அது அறுபடாதவரை பேட்டை முழுதும் ஒரே வீடு என்று கணக்கு. சாவியும் கொண்டுபோகலாம், பிள்ளையும் கொண்டுபோகலாம். வெள்ளிதோறும் அதைச் சுற்றிப் பார்த்து மதகுருவான ரபியிடம் சொல்வது கெதாலியாவின் பொறுப்பு. மூன்று வாரமாகப் பனி அதை அறுத்துக்கொண்டே இருந்தது. ஏழாம் நாளில் அவனவன் இடத்திலேயே இருக்கட்டும் என்று பாலைவனத்தில் வானத்து உணவான மன்னாவைப் பொறுக்கிய ஜனங்களுக்குச் சொன்ன மோசே, இரட்டைப் பிள்ளைகளோடு ஒருநாளாவது கூடாரத்துக்குள் அடைந்து கிடந்திருப்பாரா என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை கெதாலியா சிரித்தபடி வந்தான். கயிறு சரியாக இருக்கிறது, ரபியும் அறிவித்துவிட்டார் என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான். பாத்திரம் கழுவ நின்ற ஹிண்டா ஜன்னல் வழியே பார்த்தாள். பின்சந்துக் கம்பத்திலிருந்து ஒரு பனிப்பாளம் சரிந்து விழுந்தது. கூடவே கயிறும் அறுந்து தொங்கியது.

விளக்கேற்ற இருபது நிமிடம் இருந்தது. தொலைபேசி கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. சொன்னால் பேட்டையின் அத்தனை தாய்மாரும் நாளைக்கு அடைபட வேண்டும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. அவள் திரையை இழுத்துவிட்டு மெழுகுவத்திகளை முன்கூட்டியே ஏற்றிவிட்டாள். ஏற்றியதும் அவளுக்கு ஓய்வுநாள் தொடங்கிவிட்டது. இனி தொலைபேசியைத் தொட முடியாது. கண்ணைப் பொத்தி ஜெபிக்கும்போதுதான் உறைத்தது. தெரியாதவர்கள் போவார்கள். தெரிந்தவள் எப்படிப் போவாள்?

மறுநாள் மதியம் தெருவில் தள்ளுவண்டிகள் ஊர்வலமாகப் போயின. தலைவலி என்றாள் ஹிண்டா. கெதாலியா மனம் கேட்காமல், போக வேண்டிய வேதபாட வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு, பிள்ளைகளுக்குக் கம்பளி மாட்டி வண்டியில் உட்காரவைத்தான்.

"வண்டிய நான் தள்றேன், நீ சும்மா கூட நடந்து வா. மூஞ்சியப் பாரு, மூணு வாரமா ஊறுகாய் ஜாடிக்குள்ள கெடந்த மாதிரி இருக்கு."

வாசற்கதவைத் திறந்தான்.

"தள்ளாதீங்க. பின்னாடி கயிறு அறுந்து கெடக்கு. நேத்தே பார்த்தேன்."

அவன் கைப்பிடியை விட்டான். திட்டவில்லை, திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். கோட்டுப் பைக்குள் கைவிட்டு வீட்டுச் சாவியை எடுத்துப் பார்த்தான்.

"காலைல ஜெபக்கூடத்துக்கு இதோடதானே போயிட்டு வந்தேன்."

மற்றவர்களிடம் சொல்லவேண்டாமா என்று அவள் கேட்டாள். இப்போது சொன்னால் வீட்டுக்குத் தூக்கிவரவும் முடியாமல் பிள்ளையோடு நடுத்தெருவில் நிற்பார்கள், வேண்டாம் என்றான்.

அதற்குள் பேஷாவே குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தேடி வந்துவிட்டாள்.

"இன்னும் கெளம்பலையாடி? கயிறு நல்லாருக்குன்னு சொன்னதே உன் வீட்டுக்காரர்தானே."

கெதாலியா தரையைப் பார்த்தான். தலைவலி, அடுத்த வாரம் வருகிறேன் என்றாள் ஹிண்டா. பேஷா போனதும் கதவைச் சாத்தினாள். அதன்பிறகுதான் அழுகை வந்தது. வண்டியிலிருந்த பிள்ளைகள் வெளியே போகிற சந்தோஷத்தில் இன்னும் கால்களை உதைத்துக்கொண்டிருந்தன.